கணிப்பொறிக் கருவும் தமிழெழுத்தும்: பழையது கெடாமல் புதியது புகுந்த வரலாறு

காலத்தோடு சில வழக்குகள் மறைவதும் வேறு சில தோன்றுவதும் குற்றமாகா என்று நன்னூலார் மொழிக்கு விதி வகுத்தார். மொழிக்குப் பொருந்தும் இவ்விதி கணிப்பொறிக்கு முழுதும் பொருந்துவதில்லை. அங்கே புதியன நாள்தோறும் புகுகின்றன. ஆனால் பழையன எளிதில் கழிய விடப்படுவதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நிரல் ஒன்று இன்றைய பொறியிலும் ஓடவேண்டும். அன்று எழுதி வைத்த கோப்பு இன்றும் திறக்கவேண்டும். வீட்டில் ஆள் இருக்கும்போதே அடித்தளத்தை விரிவாக்கும் கொத்தனாரின் வேலை போன்றது இது. கணிப்பொறிக்குள் தமிழ் புகுந்த வரலாறும் இந்த வேலையின் ஒரு பகுதியே. எங்கே பழையது காக்கப்பட்டதோ அங்கே தமிழ் நிலைத்தது. எங்கே காக்கப்படவில்லையோ அங்கே தமிழ்க் கோப்புகள் படிப்பாரற்றுப் போயின. இவ்வுண்மையைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

கருவும் வாசலும்

கணிப்பொறியை இயக்கும் அடிப்படை நிரல் தொகுதிக்கு இயங்குதளம் என்று பெயர். அதன் நடுவில் நின்று நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை ஆகிய யாவற்றையும் ஆள்கின்ற பகுதியைக் கெர்னல் என்பர். தமிழில் கரு எனலாம். கடிதம் எழுதும் நிரலோ, கணக்குப் பார்க்கும் நிரலோ, வட்டைத் தானே தொட இயலாது. கருவினிடம் வேண்டுகோள் விடுத்தே எதையும் பெறவேண்டும். அவ்வேண்டுகோள்களே கருவின் வாசல்கள். ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் எண் உண்டு.

அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் 1969ஆம் ஆண்டில் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கினர். அதன் முதற் கையேடு 3-11-1971 என்னும் நாளிட்டு வெளிவந்தது. அக்கையேட்டின்படி கோப்பைப் படிக்கும் வாசலின் எண் 3. எழுதும் வாசலின் எண் 4. திறக்கும் வாசலின் எண் 5. இருபது ஆண்டுகள் கழித்து, 1991இல், பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை இண்டல் 386 பொறிக்காக எழுதினார். அதிலும் படிக்க 3, எழுத 4, திறக்க 5 என்றே எண்கள் அமைந்தன. இது தற்செயலன்று, மரபைப் பின்பற்றியதன் விளைவு.

எண்ணை மாற்றினால் என்ன? நிரல் ஒருமுறை பொறிமொழிக்கு மாற்றப்பட்டபின் அதனுள் இருப்பது சொல்லன்று, எண்ணே. எழுதும் வாசலுக்கு நாளை வேறு எண் கொடுத்தால், பழைய நிரல்கள் யாவும் தவறான வாசலைத் தட்டும். அவற்றை எழுதியவர் எங்கிருக்கிறாரோ, மூலப்படி கிடைக்குமோ, யாரறிவார்? ஆகவே கருவின் உட்புறத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியே நிற்கும் நிரலுக்குக் கொடுத்த வாக்கை மாற்றலாகாது என்பது லினக்ஸ் ஆக்குவோர் உறுதியாகக் கடைப்பிடிக்கும் நெறி. கருவில் செய்த ஒரு மாற்றத்தால் பயனாளரின் நிரல் பழுதுற்றால், குற்றம் கருவினுடையதே என்பது டோர்வால்ட்ஸ் பலமுறை வலியுறுத்திய கொள்கை.

பினாங்கிலிருந்து ஒரு சான்று

யூனிக்ஸ் தொடங்கிய அதே 1969ஆம் ஆண்டில் பினாங்கில் ஒரு பல்கலைக்கழகம் தோன்றியது. முதலில் கெலுகோரிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கட்டடங்களில் இயங்கிய அது, 1971இல் அருகிலுள்ள மிண்டன் படைமுகாம் இருந்த இடத்துக்குப் பெயர்ந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்று இன்று உலகறிந்த நிறுவனம் அதுவே. அதற்குத் தெற்கே பாயான் லெப்பாசில் 1972இல் தீர்வையற்ற தொழில் வட்டாரம் அமைந்தது. இண்டல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் சில்லுத் தொகுப்புத் தொழிற்சாலையை அவ்வாண்டில் பினாங்கில்தான் நிறுவியது. ஏ.எம்.டி. நிறுவனமும் அக்காலத்திலேயே இங்கு வந்தது.

இவ்விரு நிறுவனங்களின் போட்டியில் பழைமையைக் காப்பதன் வலிமை வெளிப்பட்டது. இண்டல் 1978இல் வெளியிட்ட 8086 என்னும் சில்லின் கட்டளைகள் 16 பிட் அளவின. 1985இல் வந்த 386 அவற்றை 32 பிட்டாக விரித்தது. பழைய கட்டளைகளையும் ஏற்றது. 64 பிட்டுக்குச் செல்லும் காலம் வந்தபோது, இண்டல் நிறுவனம் முற்றிலும் புதிய கட்டளை முறையோடு இட்டேனியம் என்னும் சில்லை 2001இல் வெளியிட்டது. பழைய நிரல்கள் அதில் மெதுவாகவே ஓடின. ஏ.எம்.டி. நிறுவனமோ பழைய கட்டளைகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின்மேல் 64 பிட் கட்டளைகளைச் சேர்த்து 2003இல் ஒரு சில்லை வெளியிட்டது. உலகம் இரண்டாவதையே ஏற்றது. இண்டல் நிறுவனமும் பின்னர் அவ்வழியைப் பின்பற்றியது. இட்டேனியம் விற்பனை 2021இல் முடிவுற்றது. அறிவால் அழகிய புது வீட்டைக் காட்டிலும், குடியிருப்போரை வெளியேற்றாமல் கட்டிய மாடி வென்றது.

புதிய வாசல் திறக்கும் முறை

வாக்கை மாற்றலாகாது என்றால் வளர்ச்சி எவ்வாறு நிகழும்? பழைய வாசலை அடைக்காமல், பக்கத்தில் புதிய வாசலைத் திறப்பதே வழி. கோப்பைத் திறக்கும் பழைய வாசலில் ஒரு குறை இருந்தது. அறியாத குறிப்பு எதையேனும் நிரல் அனுப்பினால், அவ்வாசல் அதை மறுக்காமல் புறக்கணித்துவிடும். பெருந்தன்மை போலத் தோன்றும் இப்பழக்கம் பின்னாளில் இடரானது. இன்று பொருளற்ற குறிப்புக்கு நாளை ஒரு பொருள் கொடுத்தால், அதை அறியாமல் அனுப்பிக்கொண்டிருந்த பழைய நிரல் தடுமாறும். ஆகவே 2020இல் லினக்ஸ் 5.6 பதிப்பில் புதிய திறப்பு வாசல் ஒன்று சேர்க்கப்பட்டது. அறியாத குறிப்பை அது மறுத்துவிடும். மேலும், நிரல் அனுப்பும் விண்ணப்பத்தின் நீளத்தையும் உடன் கேட்கும். விண்ணப்பம் குறுகியதாயின் இல்லாத கட்டங்களைச் சுழியாகக் கொள்ளும். நீண்டதாயின் மிகுதிக் கட்டங்கள் சுழியாக இருந்தால் மட்டும் ஏற்கும். இதனால் பழைய நிரலும் புதிய கருவும், புதிய நிரலும் பழைய கருவும் முரண்படாமல் பேசிக்கொள்ளலாம். பழைய வாசல் 5 இன்றும் 386 வழிவந்த பொறிகளில் திறந்தே இருக்கிறது.

காலக் கணக்கிலும் இவ்வாறே நிகழ்ந்தது. யூனிக்ஸ் மரபில் 1-1-1970 முதல் கழிந்த விநாடிகளை எண்ணுவர். அதற்கு ஒதுக்கிய 32 பிட் இடம் 19-1-2038 அன்று, மலேசிய நேரப்படி காலை 11 மணி 14 நிமிடம் 7 விநாடிக்கு நிரம்பிவிடும். பழைய எண்ணின் அளவை நீட்டினால் பழைய நிரல்கள் கெடும். எனவே 2019இல், லினக்ஸ் 5.1 பதிப்பில், 32 பிட் பொறிகளுக்கென 64 பிட் காலம் கூறும் தனி வாசல்கள் சேர்க்கப்பட்டன. பழையவை நீக்கப்படவில்லை.

எட்டுப் பிட்டுக் காலத்துத் தமிழ்

இனித் தமிழுக்கு வருவோம். கணிப்பொறிக்கு எழுத்து என்பதும் எண்ணே. ஆங்கில அரிச்சுவடிக்கும் குறிகளுக்குமாக அமெரிக்கர் வகுத்த ஆஸ்கி அட்டவணையில் 128 இடங்கள் உண்டு. ஒரு பைட்டில் 256 இடங்கள் இருத்தலால், எஞ்சிய மேற்பாதியில் தமிழை வைக்கலாம் என்று 1980களிலும் 1990களிலும் பலர் முனைந்தனர். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை வெளியிட்டார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றப் பெரிதும் உழைத்தார். இவர்தம் தொண்டு மறக்கற்பாலதன்று.

ஆயினும் ஒவ்வோர் எழுத்துருவும் தன் விருப்பப்படி எண்களை ஒதுக்கிக்கொண்டது. ஒன்றில் அகரமாக இருந்த எண் மற்றொன்றில் வேறெழுத்தாக இருந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க, எழுதியவரின் எழுத்துருவும் வேண்டும். அஃது இல்லையேல் திரையில் தோன்றுவன பொருளற்ற குறிகளே. மேற்பாதியின் சில இடங்களை இயங்குதளங்கள் வேறு பணிக்கு வைத்திருந்தமையால், அவ்விடங்களில் அமர்ந்த தமிழெழுத்துகள் சில நிரல்களில் காணாமற் போயின. கருவுக்கு இதனால் கேடில்லை. அதற்கு எல்லாம் பைட்டுகளே. கேடு மனிதருக்கும் மனிதருக்கும் இடையில் நேர்ந்தது. வாசல் உடையவில்லை, வாசலில் கொடுத்த கடிதத்தின் மொழி மாறிக்கொண்டேயிருந்தது.

இக்குழப்பம் தீர 1997இல் சிங்கப்பூரில் முதல் தமிழிணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இவற்றுள் டாப், ஆங்கிலத்தின் கீழ்ப்பாதியைத் தொடாமல் இருமொழிக்கும் இடம் தந்தது. உலகத் தமிழர் பலர் கலந்து ஆக்கிய டிஸ்கி முறையும் அவ்வாறே ஆங்கிலப் பாதியைக் காத்தது. 2000இல் சிங்கப்பூரில் உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001இல் கோலாலம்பூரில் அடுத்த மாநாடு கூடியது. ஆனால் தமிழுக்குள்ளேயே மூன்று தரங்கள் நின்றன. அவற்றுள் ஒன்றும் ஏற்கெனவே எழுதப்பட்ட தமிழைக் காக்கவில்லை.

ஒரு மாலையில் பிறந்த முறை

இதற்கிடையில் உலகின் எல்லா எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையின் முதற்பதிப்பு 1991 அக்டோபரில் வெளிவந்தது. இந்தியாவில் 1988இல் வகுத்த இஸ்கி முறையைத் தழுவித் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அட்டவணை வந்தது, ஆனால் பழைய இயங்குதளத்துக்குள் அதை எவ்வாறு புகுத்துவது?

யூனிக்ஸ் மரபுக் கருவுக்குக் கோப்பின் பெயரில் இரண்டு பைட்டுகளே சிறப்பானவை. எண் 0 வந்தால் பெயர் முடிந்தது என்று பொருள். எண் 47, அதாவது சாய்கோடு, அடைவுகளைப் பிரிக்கும். யூனிகோடு எழுத்தை இரண்டு பைட்டுகளாக நேரே எழுதினால், அவற்றுள் ஒன்று 0 ஆகவோ 47 ஆகவோ அமைந்து, கரு பெயரைப் பாதியில் அறுத்துவிடும். அக்காலத்தில் முன்மொழியப்பட்ட வேறு முறை ஒன்றிலும் சாய்கோட்டுச் சிக்கல் இருந்தது. ஆகவே கோப்பமைப்புக்கு ஊறு செய்யாத முறை வேண்டும் என்று எக்ஸ்-ஓப்பன் குழுவினர் தேடினர். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சி மாநிலத்து உணவகம் ஒன்றில் கென் தாம்சனும் ராப் பைக்கும் ஒரு மாலையில் அதற்கு வழி கண்டனர். சில நாட்களுக்குள் பிளான் 9 என்னும் தங்கள் இயங்குதளம் முழுவதையும் அதற்கு மாற்றினர். அதுவே யூ.டி.எஃப்-8.

அதன் நுட்பம் எளியது. ஆஸ்கியின் 128 எழுத்துகளும் முன்போலவே ஒற்றைப் பைட்டாக நிற்கும். பிற எழுத்துகள் இரண்டு முதல் நான்கு பைட்டுகளாக விரியும். அவற்றின் எந்தப் பைட்டும் 128க்குக் குறையாது. எனவே 0, 47 ஆகியவற்றோடு மயங்க வழியேயில்லை. தமிழின் ககரம் 224, 174, 149 என்னும் மூன்று பைட்டுகளாகும். கெலுகோர் என்னும் ஊர்ப்பெயரைக் கொள்வோம். ககரம், எகரக் குறி, லகரம், உகரக் குறி, ககரம், ஓகாரக் குறி, ரகரம், புள்ளி என யூனிகோட்டில் எட்டுக் குறிகள். பைட்டு மூவெட்டு 24. தமிழ் என ஒன்று உண்டு என்பதையே அறியாத கரு, இப்பெயரை ஒரு மாற்றமும் இன்றிக் காத்து வைக்கும். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளுக்கு மேற்படலாகாது. ஆகவே தமிழ்ப் பெயருக்கு 85 குறிகள் வரை இடமுண்டு. தமிழுக்காக ஒரு வாசலும் புதிதாய்த் திறக்க வேண்டியிருக்கவில்லை. பழைய வாசலுக்குள் அடங்குமாறு எழுத்தின் உருவை மடித்ததே இதன் பெருமை.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வேறு வழி சென்றது. 1993இல் வந்த விண்டோஸ் என்.டி. இயங்குதளத்தில் எழுத்தைத் தாங்கும் வாசல் ஒவ்வொன்றும் இரண்டாயிற்று. பழைய எட்டுப் பிட் நிரல்களுக்கு ஏ என்னும் எழுத்தில் முடியும் வாசல். யூனிகோடு அறிந்த நிரல்களுக்கு டபிள்யூ என்னும் எழுத்தில் முடியும் வாசல். இரண்டும் இன்றளவும் உள்ளன. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000, லதா என்னும் எழுத்துருவோடு யூனிகோட்டுத் தமிழைத் தாங்கியது. பொதுமக்கள் கைக்கு யூனிகோட்டுத் தமிழ் வந்துசேர இது பெருந்துணையாயிற்று. மடித்தல் ஒரு வழி, இரட்டித்தல் ஒரு வழி. இரண்டிலும் பழைய நிரல் கெடவில்லை.

எண் நிலைக்கும், வடிவம் மாறும்

யூனிகோட்டாரும் இப்பாடத்தைத் துன்புற்றே கற்றனர். தொடக்கப் பதிப்புகளில் கொரிய அசையெழுத்துகள் 6,656 இடம்பெற்றிருந்தன. அவை போதாமையால் 1996இல் 2.0 பதிப்பில் அவ்வெழுத்துகளை நீக்கி, வேறிடத்தில் 11,172 அசையெழுத்துகளை வைத்தனர். முன்னர் எழுதப்பட்ட கொரியக் கோப்புகள் பொருளிழந்தன. அதன்பின் ஓர் எழுத்துக்கு ஒருமுறை எண் கொடுத்துவிட்டால் அதை நீக்குவதுமில்லை, இடம் மாற்றுவதுமில்லை என்று அவர்கள் உறுதிபூண்டனர். பின்னர் எழுத்தின் பெயரும் மாற்றப்படாது என்னும் விதியும் சேர்ந்தது.

இவ்விதியின் கசப்பான பயனைத் தமிழர் அறிவர். ஆய்த எழுத்துக்கு யூனிகோட்டில் விசர்க்கம் என்னும் வடமொழிக் குறியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ழகரத்துக்கு இட்ட பெயரோ லகரத்தை மும்முறை அடுக்கிய ஓர் ஒலி. ஆய்தமும் விசர்க்கமும் ஒன்றல்ல என்பதை முதல் வகுப்புத் தமிழாசிரியரும் அறிவார். ஆயினும் பெயர் மாறாது. பக்கத்தில் விளக்கக் குறிப்பு மட்டும் எழுதலாம். தவறான பெயர்ப்பலகை உள்ள வாசலே எனினும், ஆயிரம் பேர் அதன் வழியே வந்துபோகின்றனர் என்றால் பலகையை விட்டுவைப்பர். உடனிருந்து பிழை திருத்தாத இனம் பிழையோடு வாழ நேர்கிறது என்பதும் இதிலுள்ள பாடம்.

ஆனால் இதே விதி தமிழுக்கு அரிய நன்மையும் செய்தது. வீரமாமுனிவர் காலத்தில் எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாட்டைக் காட்டும் வடிவம் மாறியது. பெரியார் 1930களில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. ணா, றா, னா, லை, னை முதலிய பதின்மூன்று உயிர்மெய்களின் பழைய கொம்பும் சுழியும் அதனால் நீங்கின. வடிவத்துக்கே எண் கொடுத்த பழைய எட்டுப் பிட் முறைகளில், பழைய லையும் புதிய லையும் வெவ்வேறு துண்டுகளாக அமையும். யூனிகோட்டிலோ லகரத்தை அடுத்து ஐகாரக் குறி என்பதே எண். யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய லையைக் காட்டுவதா, புதியதைக் காட்டுவதா என்பது எழுத்துருவின் பொறுப்பு. 1960களின் நூலொன்றை யூனிகோட்டில் ஏற்றி, எழுத்துருவை மட்டும் மாற்றி இரு வடிவிலும் படிக்கலாம். கோப்பில் ஓர் எண்ணும் மாற வேண்டுவதில்லை. வாக்கு வெளியே, வேலை உள்ளே என்று கருவுக்குச் சொன்ன நெறி இங்கு எழுத்துக்கும் பொருந்துவது காண்க.

தமிழுக்குச் செய்யப்பட்ட சேர்ப்புகளும் இந்நெறி பிறழாதவை. 2005இல் 4.1 பதிப்பில் தமிழ்ச் சுழி எண்ணும் ஶகரமும் காலியிடங்களில் சேர்ந்தன. ஸ்ரீ என்பதை எழுத ஶகரத்தோடு கூடிய புதிய வரிசை பரிந்துரைக்கப்பட்டது; ஸகரத்தோடு எழுதிய பழைய வரிசையும் அதே வடிவில் தோன்றுகிறது. 2010இல் கிரந்த எழுத்துகளை ஏற்றுவது பற்றித் தமிழுலகில் கடுஞ்சொற்போர் எழுந்தது, 2014இல் 7.0 பதிப்பில் கிரந்தத்துக்குத் தனிப்பகுதி அமைந்தது, தமிழ்ப் பகுதி தொடப்படவில்லை. 2019இல் 12.0 பதிப்பில் முந்திரி முதலிய கீழ்வாய்ப் பின்னங்களும், உழக்கு, குறுணி, பதக்கு போன்ற அளவைக் குறிகளும், பிறவும் ஆக 51 குறிகள் வேறோர் இடத்தில் தமிழ் இணைப்புப் பகுதியாகச் சேர்ந்தன. நம் முன்னோர் ஓலைச் சுவடிகளில் எழுதிய கணக்குக் குறிகள் இவ்வாறு கணிப்பொறியில் ஏறின.

பதினாறு பிட் வழக்கு

இவற்றால் மனநிறைவு கொள்ளாதோரும் உண்டு. அவர்தம் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. தமிழ் இலக்கணப்படி மெய்யே முதல். ககர மெய்யோடு அகரம் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும். யூனிகோட்டிலோ அகரமேறிய ககரமே அடிப்படை. அதன்மேல் புள்ளியிட்டால் மெய் பிறக்கும். பிள்ளைகளுக்கு வகுப்பில் கற்பிக்கும் முறைக்கு இது தலைகீழ். மேலும் உயிர்மெய்களுள் பலவற்றுக்கு இரண்டு குறிகள் வேண்டுவதால் கோப்பு நீள்கிறது. அகரவரிசைப்படுத்தத் தனி விதிகள் வேண்டியுள்ளன. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரும் டேஸ்-16 என்னும் முறையை அறிஞர் சிலர் வகுத்தனர். அதில் மெய்யெண்ணும் உயிரெண்ணும் கூடி உயிர்மெய் எண் பிறப்பது இலக்கணத்தோடு ஒத்த அழகுடையது. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய 23-6-2010 அன்று தமிழக அரசு யூனிகோட்டையும் டேஸ்-16ஐயும் தரங்களாக ஏற்று ஆணை பிறப்பித்தது.

எனினும் அதற்குள் விண்டோஸ், லினக்ஸ் ஆகியவை யூனிகோட்டின் பழைய தமிழ்ப் பகுதியைத் தாங்கிவிட்டன. எழுதிய பக்கங்கள் எண்ணற்றுப் பெருகிவிட்டன. புதிய அட்டவணை எவ்வளவு நேர்த்தியாயினும், இருப்பதை எடுத்துவிட்டு அதை வைப்பது 1996இல் கொரியர் பட்ட பாட்டை நாமும் படுவதாகும். இரண்டையும் ஒருங்கே பொதுவழக்கில் வைத்தால் ஒரே சொல்லுக்கு இரண்டு எழுத்துமுறை ஏற்பட்டு, 1990களின் குழப்பம் மீளும். இட்டேனியத்தின் கதை இங்கும் பொருந்துகிறது. யூனிகோட்டார் கண்ட இடைவழி ஒன்றுண்டு. 2008இல் 5.1 பதிப்பில், மெய்களுக்கும் உயிர்மெய்களுக்கும் புதிய எண் கொடாமல், இருக்கும் குறிகளின் வரிசைக்கே முறையான பெயர் சூட்டினர். ககர மெய் என்பது இன்ன இரண்டு குறிகளின் வரிசை என்று ஏட்டில் பதிந்தது. இலக்கணம் கூறும் எழுத்து பெயரளவிலேனும் தனக்குரிய மதிப்பைப் பெற்றது. ஒரு கோப்பும் கெடவில்லை.

எஞ்சியுள்ள சிக்கல்

சிக்கல் முற்றும் தீர்ந்ததென்று கூறுதற்கில்லை. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது யூனிகோட்டின் விதி. ஆனால் பைட்டுகளை மட்டும் நோக்கும் கருவுக்கு அவை வேறு. கெலுகோர் என்னும் பெயர் முதல் வகையில் 24 பைட்டு. இரண்டாம் வகையில் 27 பைட்டு. ஆகவே லினக்ஸில் ஒரே அடைவில் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் இரண்டு கெலுகோர்கள் இருக்கக்கூடும். ஆப்பிள் நிறுவனத்தின் 1998ஆம் ஆண்டுக் கோப்பமைப்பு இத்தகைய குறிகளைப் பிரித்தே எழுதியது. அங்கிருந்து வந்த கோப்பு வேறு பொறியில் தேடினால் அகப்படாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாப் பெயர்களையும் ஒருமுகப்படுத்துமாறு கருவை மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றலாம். அவ்வாறு செய்தால், இரண்டையும் வேறெனக் கொண்டு இதுகாறும் ஓடிய நிரல்கள் திகைக்கும். எனவே 2019இல் லினக்ஸ் 5.2 பதிப்பு ஒரு நடுவழியை மேற்கொண்டது. எக்ஸ்ட்-4 என்னும் கோப்பமைப்பில், ஒருமுகப்படுத்தும் பண்பை வேண்டுவோர் வேண்டும் அடைவுக்கு மட்டும் கேட்டுப் பெறலாம். அவ்வடைவு அப்போது வெறுமையாக இருத்தல் வேண்டும். பழைய அடைவுகள் பழையபடியே இருக்கும். விரும்பிக் கேட்போர்க்குப் புதுமை, கேளாதார்க்குப் பழைமை என்பது இம்முறையின் சாரம்.

தமிழாசிரியர் கடன்

கருவை எழுதுவோரும் அட்டவணை வகுப்போரும் தத்தம் வாக்கைக் காத்துவருகின்றனர். காக்கப்படாமல் எஞ்சியது, வாக்கே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட தமிழ். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் பற்பல எழுத்துருக்களில் தட்டெழுதிய பள்ளி ஆண்டுமலர்கள், பாடக் குறிப்புகள், மாநாட்டுக் கட்டுரைகள், கதைகள், கவிதைகள் பலவும் இன்னும் பழைய வட்டுகளில் உறங்குகின்றன. அவற்றின் பைட்டுகள் கெடவில்லை. எந்த எண் எந்த எழுத்து என்னும் திறவுகோலே தொலைந்துவருகிறது. எழுத்துருவின் பெயர் தெரிந்தால் யூனிகோட்டுக்கு மாற்றும் நிரல்கள் உண்டு. எழுதியவர் உள்ளபோதே அப்பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுதல் எளிது. அவர் மறைந்தபின் அது சுவடி ஆராய்ச்சியாகிவிடும்.

மாற்றும்போது மூலக் கோப்பை அழித்துவிடாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. மாற்றும் நிரல் ளகரத்தையும் ஔகாரத்தின் பின்துண்டையும் மயக்கக்கூடும். கொம்புகளை இடம் பெயர்க்கக்கூடும். அப்பிழையைக் கண்டு திருத்தும் கண் தமிழாசிரியருக்கே உண்டு, பொறிக்கு இல்லை. பழைய வாசலை அடைக்காமல் புதிய வாசல் திறந்தவர்களிடமிருந்து நாம் கற்கத்தக்க பழக்கம் இதுவே.